அப்பாருவின் கிரீனர் துப்பாக்கியை எந்தக் கடையும் வாங்க மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

தோட்டத்துக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, 1950களில் வால்பாறையில் ஒரு எஸ்டேட் துரை ஊருக்குத் திரும்பும்போது அவரிடம் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. 12 போர், அதாவது குழலின் அளவு. இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் பட்டையில் டபிள்யூ.டபிள்யூ. கிரீனர் என்றும் பர்மிங்ஹாம் என்றும் பொறித்திருக்கிறது. தோல் பெட்டி, குழல் துடைக்கும் கம்பி, சின்ன எண்ணெய்ப் புட்டி எல்லாம் உண்டு, மூடிக்கு உள்பக்கம் கம்பெனி லேபிள் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்பாரு காலத்தில் காட்டுப்பன்றி சுட்டதாகக் கதை சொல்வார்கள். அப்பா காலத்தில் அது ஆயுத பூஜைக்கு மட்டும்தான் வெளியே வரும், அப்பத்தா அடிக்கட்டையில் சந்தனம் குங்குமம் வைத்து சாமி படத்துக்குக் கீழே சாய்த்து வைப்பார்.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது. எனக்கு இதில் ஆசை இல்லை, வீட்டில் இரண்டு வாண்டுகள் வேறு. சரி, விற்றுவிடலாம் என்று போன வாரம் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரர் தொடக்கூட இல்லை. லைசென்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "தம்பி, மொதல்ல இத எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றார், ஏதோ நான் பாம்பைக் கொண்டுவந்த மாதிரி. இரண்டாவது கடையில் ஐந்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எட்டாயிரம் தரலாம், அதுவும் பேப்பர் எல்லாம் சரியான பிறகு என்றார்கள். மூன்றாவது கடையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, இந்த மாதிரி பக்கத்துப் பக்கத்துக் குழல் துப்பாக்கிக்கு ஆளே வருவதில்லை சார் என்று அனுப்பிவிட்டார்கள்.

இதே கம்பெனித் துப்பாக்கி அமெரிக்காவில் ஆறாயிரம் டாலர் என்று போட்டிருப்பதை நெட்டில் பார்த்தேன். ஆறாயிரம் டாலர் எங்கே, எட்டாயிரம் ரூபாய் எங்கே. கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்துகொண்டு அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்களா? பழம்பொருள் சேகரிப்பவர்கள் யாராவது நேராக வாங்குவார்களா?

வக்கீல்குமாஸ்தா:

விலையை அப்புறம் பேசலாம் நண்பரே. டிக்கியில் போட்டுக்கொண்டு மூன்று கடை சுற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. லைசென்ஸ் என்பது ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு இல்லை. அப்பா போன அன்றே அந்த லைசென்ஸுக்கு வேலை முடிந்தது. இப்போது உங்கள் வீட்டில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. வழியில் ஒரு வாகனச் சோதனையில் மாட்டியிருந்தால், இது எங்கள் அப்பாருவுடையது என்று சொல்லித் தப்ப முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் வைத்திருப்பதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. முதல் கடைக்காரர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

கடைக்காரர் நினைத்தாலும் வாங்க முடியாது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். அவர் வாங்கும் ஒவ்வொரு துப்பாக்கியையும் யாரிடமிருந்து, எந்த லைசென்ஸிலிருந்து வந்தது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்?

வழி இருக்கிறது, பயப்பட வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் போன துப்பாக்கியைத் தாமதம் செய்யாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு, நீங்கள் லைசென்ஸ் வாங்கித் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், அல்லது அது டெபாசிட்டில் இருக்கும்போதே தகுதி உள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். விற்பதற்காக நீங்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் அதற்கென்று ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் அரசாங்கத்துக்குப் போய்விடும், அதனால் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

இப்போதே தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் போய் நிற்காதீர்கள். முதலில் இறப்புச் சான்றிதழ், அப்பாவின் லைசென்ஸ், ஒரு கடிதம் மட்டும் எடுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொல்லுங்கள், எப்படிக் கொண்டுவருவது என்று அவர்கள் சொல்லட்டும். மீதித் தோட்டா ஏதாவது இருந்தால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள், அதற்கும் இதே சட்டம்தான். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுடைய சம்மதக் கடிதமும் நோட்டரி கையெழுத்தோடு தேவைப்படும். தங்கை ஒருவர் துபாயிலிருந்து கையெழுத்துப் போட வராமல் ஒரு வருடம் இழுத்த கேஸ் எனக்குத் தெரியும்.

ஊர்சுற்றி:

எதுக்கு இவ்வளவு தலைவலி, குடகுக்குக் கொண்டு போய் விற்றுவிடுங்கள். அங்கே துப்பாக்கிக்கு லைசென்ஸே வேண்டாம், வீட்டுக்கு வீடு மாட்டி வைத்திருப்பார்கள், கைல்போல்து பண்டிகையன்று பூ வைத்துப் பூஜையே செய்வார்கள். இல்லையென்றால் லண்டன் ஏலத்துக்கு அனுப்புங்கள், வெள்ளைக்காரன் துப்பாக்கிக்கு வெள்ளைக்காரன்தான் விலை கொடுப்பான்.

வக்கீல்குமாஸ்தா:

ஊர்சுற்றி, நல்லா வழி சொல்கிறீர்கள், ஜெயிலுக்கு. குடகு விலக்கு கொடவர்களுக்கும் ஜம்மா என்கிற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் மட்டும். அவர்களும் விலக்குச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், அந்த விலக்கும் 2029 வரை என்று நீட்டிக்கப்பட்டதுதான். அங்கே லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக, இங்கே லைசென்ஸ் இல்லாதவர் மாநில எல்லை தாண்டி, மைசூர் தாண்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஆகிவிடாது.

லண்டனும் ஆகாது. 1972 பழம்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய பொருள் பழம்பொருள் கணக்கில் வரும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. நூறுக்குக் குறைவு என்றாலும் துப்பாக்கி ஏற்றுமதிக்குத் தனி உரிமம் வேண்டும்.

பழையகல்லாப்பெட்டி:

மவுண்ட் ரோட்டில் ஒரு துப்பாக்கிக் கடையில் இருபத்திரண்டு வருடம் கல்லாவில் உட்கார்ந்தவன் நான், இப்போது ஓய்வு. தம்பிக்கு விலைக் கணக்கைச் சொல்கிறேன், கடைக்காரர் பக்கத்து நியாயமும் கொஞ்சம் இருக்கட்டும்.

நம் நாட்டில் பழைய துப்பாக்கிக்கு விலை, அது எவ்வளவு அழகு, எந்த ஊரில் செய்தது என்பதை வைத்து வருவதில்லை. லைசென்ஸ் வைத்திருக்கிறவனுக்கு என்ன தேவை என்பதை வைத்து வருகிறது. 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியைத் தனியாருக்கு அடைத்துவிட்டார்கள். அதனால் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வாங்கியவர் பழைய வெப்லி .32 ரிவால்வர் ஒன்று கிடைக்காதா என்று அலைவார், லட்சக்கணக்கில் கொடுப்பார். அதையே இங்கிலாந்துக்காரன் பார்த்தால் சிரிப்பான். 12 போர் கதை நேர் எதிர். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் வேட்டை போயிற்று, வேட்டையோடு இரட்டைக்குழல் வாங்குகிற ஆளும் போய்விட்டார். மிச்சம் இருப்பது வங்கிக் காவலாளியும் தோட்டக் காவலும்தான். வங்கி வாசலில் நிற்கிற மனிதருக்குக் கிரீனர் என்ன, உள்ளூர்ச் சரக்கு என்ன? உங்களுக்குச் சொன்ன எட்டாயிரம் காவலாளி விலை. குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு மேலும் கீழுமாகக் குழல் வைத்த புது இத்தாலித் துப்பாக்கிதான் வேண்டும்.

இன்னொன்று, 2019இல் ஒரு ஆளுக்கு மூன்று துப்பாக்கி என்று இருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்று வைத்திருந்தவர் எல்லோரும் ஒன்றைக் கழித்தாக வேண்டும். எதைக் கழிப்பார்? ரிவால்வரையா? பழைய இரட்டைக்குழலைத்தான் கடையில் கொண்டுவந்து போட்டார்கள். கடைக்கும் இத்தனைதான் வைக்கலாம் என்று லைசென்ஸிலேயே கணக்கு உண்டு. விற்காத சரக்குக்கு இடம் கொடுத்தால் விற்கிற சரக்குக்கு இடம் இல்லை.

அமெரிக்க விலையை மறந்துவிடுங்கள். கிரீனர் கம்பெனி, தோட்டக்காரன் வாங்குகிற சாதாரணத் துப்பாக்கியிலிருந்து ராஜாக்களுக்குச் செய்த சித்திர வேலை வரைக்கும் பல தரத்தில் செய்தது. நீங்கள் பார்த்தது மேல்தரமாக இருக்கும். சாதாரணத் தரத்து பாக்ஸ்லாக், அதாவது சுடும் பொறி பெட்டி மாதிரியான பூட்டுக்குள் அடங்கின துப்பாக்கி, இங்கிலாந்து ஏலத்திலேயே சில நூறு பவுண்டுக்குப் போகிறது, அங்கேயும் இவற்றுக்குக் கிராக்கி குறைந்துவிட்டது.

ஆனாலும் எட்டாயிரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். டெபாசிட் செய்யும்போது கடையில் செய்யுங்கள், மாதாமாதம் கொஞ்சம் வாடகை கேட்பார்கள், பரவாயில்லை. அங்கேயே உங்கள் கண் முன்னால் குழலைக் கழற்றச் சொல்லுங்கள், நீங்களாக வீட்டில் கழற்ற வேண்டாம். குழலுக்கு அடியில், பூட்டில் உட்கார்கிற இடத்தில், தட்டையாக இருக்கும். அங்கே பர்மிங்ஹாம் சோதனைச் சாலை முத்திரை குத்தியிருக்கும். கிரீடம் போட்டு அதற்குக் கீழே என்.பி. என்று இருந்தால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது. பி.பி. மட்டும் இருந்தால் கருமருந்துக்குச் சோதித்தது, இன்றைய தோட்டாவைப் போட்டு வெடிக்கவே கூடாது. குழலின் மேல் தேங்காய் நார் முறுக்கின மாதிரி வரிவரியாகக் கோலம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கிச் சூட்டில் ஒட்டிச் செய்தது. பார்க்க அழகு, ஆனால் சுவரில் மாட்ட மட்டும்தான். தோட்டா உட்கார்கிற அறையின் நீளமும் அளக்கச் சொல்லுங்கள், அந்தக் காலத்தில் இரண்டரை அங்குலம், அதாவது சுமார் 65 மி.மீ. இப்போது பரவலாகக் கிடைப்பது 70 மி.மீ. தோட்டா. அது உள்ளே போகும், ஆனால் வெடிக்கும்போது விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும்.

கிரீனருக்கென்று இரண்டு அடையாளம் உண்டு. பூட்டின் மேல்பக்கம் குறுக்கே ஓடுகிற உருண்டைத் தாழ்ப்பாள், அது அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. அப்புறம் மற்ற துப்பாக்கியில் கட்டைவிரலுக்கு நேரே மேலே இருக்கிற பாதுகாப்புத் தாழ், இதில் பெரும்பாலும் இடதுபக்கம் கட்டையில் இருக்கும். இரண்டும் சரியாக இருந்து, தோல் பெட்டியும் லேபிளும் புட்டியும் கூட இருந்தால், விஷயம் தெரிந்த லைசென்ஸ்காரர் ஒருவர் எங்காவது இருப்பார். அவர் கடைக்கு வரமாட்டார். டாக்டர், காபி எஸ்டேட்காரர், ரைஃபிள் கிளப் பழைய உறுப்பினர், இந்த வட்டத்தில் தேடுங்கள்.

அப்பத்தா வைத்த சந்தனத்தைச் சுரண்டாதீர்கள். மரத்தில் இருப்பது போகட்டும், இரும்பில் பட்டிருந்தால் அதன் கீழே துரு பிடித்திருக்கும். கடைக்காரரிடம் சொல்லி எண்ணெய் போட்டு ஊறவைத்துத் துணியால் எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து, முத்திரை எழுத்தையே அழித்துவிட்டுப் பளபளவென்று கொண்டுவந்து நின்றார்கள் தெரியுமா, அழுவதா சிரிப்பதா என்று தெரியாது.

குன்னூர்க்குளிர்:

கல்லாப்பெட்டி சார் சொன்னதில் டெபாசிட்டைக் கடையில் செய்யுங்கள் என்பதை இரண்டு முறை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் மாமனாரின் துப்பாக்கியைத் தேர்தல் சமயத்தில் எல்லோரும் ஒப்படைக்கிற மாதிரி ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். அதற்குள் அவருக்கு உடம்பு முடியாமல் போய், அப்படியே தவறிவிட்டார், நாங்களும் அலையவில்லை. மூன்று மழைக்காலம் ஒரு சாக்குப் பையில் கிடந்திருக்கிறது. எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திரும்பப் பார்த்தபோது குழலுக்குள் நாட்டுச் சர்க்கரை கொட்டின மாதிரி துரு. ஸ்டேஷன்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, எண்ணெய் போட்டு வைப்பது அவர்கள் வேலை இல்லை.

விற்ற விதம் இதுதான். கோத்தகிரிப் பக்கம் லைசென்ஸ் உள்ள ஒருவர் கேட்டார், அவருக்கு இரண்டாவது துப்பாக்கிக்கு இடம் இருந்தது. வாங்குகிறவர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண் எல்லாம் எழுதி கலெக்டர் ஆபீஸிலும் ஸ்டேஷனிலும் கொடுத்தோம். பொதுவாகத் தனியாள் தனியாளுக்கு விற்றால், தெரிவித்த நாளிலிருந்து 45 நாள் கழித்துத்தான் கைமாற்றலாம். எங்கள் விஷயம் டெபாசிட்டில் இருந்த சரக்கு என்றாலும் அந்த 45 நாளைக் காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தோம். அவர் லைசென்ஸில் எண் ஏறிய பிறகுதான் துப்பாக்கியைத் தொட்டார். என் கையில் அது வரவே இல்லை, பணம் மட்டும் வந்தது.

ஒரு சந்தேகம், குமாஸ்தா சாருக்கு. 2020இல் பழம்பொருள் வகைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று விதியை மாற்றினார்கள் என்று படித்தேனே, இந்தக் கிரீனர் அதில் வராதா?

வக்கீல்குமாஸ்தா:

மாற்றினார்கள், உண்மைதான். ஆனால் வைத்திருக்க மட்டும்தான் அந்தச் சலுகை, எடுத்துக்கொண்டு போகவும் சுடவும் லைசென்ஸ் வேண்டும். எது பழம்பொருள் என்று நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது. தோட்டா இன்றைக்கும் கடையில் கிடைக்கிற, சுடக்கூடிய 12 போரை, பழசு என்று நினைத்தேன் சார் என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொள்ள, என் கட்சிக்காரராக இருந்தால் நான் விடமாட்டேன். கலெக்டர் ஆபீஸில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கினால் சரி.

தோட்டத்துக்காரருக்கு மனசு மாறி, குடும்பத்திலேயே இருக்கட்டும் என்று தோன்றினால், 2016 விதிகளில் வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்கத் தனி இடம் இருக்கிறது. பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு, ஆனால் புதிதாகக் கேட்பவரை விட வாரிசுக்குக் காரணம் சொல்வது சுலபம். உயிரோடு இருக்கும்போதே, லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றலாம். உங்கள் அப்பா அதைச் செய்திருந்தால் இன்று இந்தப் பேச்சே இல்லை. இதைப் படிக்கிற மற்றவர்கள் வீட்டுப் பெரியவரின் லைசென்ஸ் புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், யு.ஐ.என். என்கிற தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா என்பதையும் சேர்த்து.

தோட்டத்துக்காரன்:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு மாதம் கழித்து வந்து எழுதுகிறேன். குமாஸ்தா சொன்னபடி பேப்பரோடு மட்டும் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் முதலில் ஒரு மூச்சு திட்டினார், அப்புறம் ஏட்டு ஒருவரைக் கூட அனுப்பினார். தோட்டா தேடினால் அப்பாருவின் மரப்பெட்டியில் காகித உறை போட்ட பழைய தோட்டா நான்கு இருந்தது, பித்தளை அடிப்பாகம் பச்சை பூத்திருந்தது, அதை மட்டும் ஸ்டேஷனிலேயே வாங்கிக்கொண்டார்கள். துப்பாக்கி இப்போது, என்னைக் கிளம்பச் சொன்ன முதல் கடைக்காரரிடமே டெபாசிட்டில் இருக்கிறது. ரசீதோடு வந்ததும் ஆள் வேறு மாதிரி ஆகிவிட்டார், அவரே குழலைக் கழற்றிக் காட்டினார். வரிக்கோலம் இல்லை, எஃகுக் குழல். கிரீடத்துக்குக் கீழே என்.பி. இருக்கிறது. அறை இரண்டரை அங்குலம்தான். சந்தனம் பட்ட இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு அவர் ஆயுத பூஜையா என்று கேட்டார், எத்தனை பார்த்திருப்பாரோ.

வாங்க ஒரு டாக்டர் வந்திருக்கிறார், லைசென்ஸில் ஒரு இடம் காலி. துப்பாக்கியை விட அந்தத் தோல் பெட்டியைத்தான் அதிக நேரம் பார்த்தார். நாற்பதாயிரம் என்று பேசி முடித்திருக்கிறோம், அக்காவின் சம்மதக் கடிதமும் வந்துவிட்டது, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து ஒன்பது நாள் ஆகிறது. நேற்று அம்மா, எல்லாவற்றையும் கொடுக்கிறாயா என்று கேட்டார். அந்த எண்ணெய்ப் புட்டியை மட்டும் நான் எடுத்துக்கொள்ளலாமா? அது ஆயுதம் இல்லையே.

பழையகல்லாப்பெட்டி:

புட்டிக்கு லைசென்ஸ் வேண்டாம் தம்பி, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெட்டிக்குள் அதற்கென்று வெட்டின பள்ளம் காலியாகத் தெரியும், பெட்டி பார்க்கிற டாக்டர் அதைத்தான் முதலில் பார்ப்பார். கைமாறுகிற அன்றைக்குச் சொல்லாமல் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். இரண்டாயிரம் மூவாயிரம் குறைப்பார், குறைத்துக்கொள்ளட்டும்.